ஊசிக்கு மசியாத உறை

கங்காதர நெல்லூரில் அகிலா வீட்டுத் தயிர் உறைக்கு ஒரு பெயர் இருந்தது. ஊசிக்கு மசியாத உறை என்பார்கள். மாட்டுக்கு மடிவீக்கம் கண்டு மருந்தூசி போட்டால், அந்தப் பாலைச் சேகரிப்பு மையத்தில் சில நாள்களுக்கு வாங்கமாட்டார்கள். வீட்டிலாவது தோய்க்கலாம் என்றால், எத்தனை கரண்டி மோர் விட்டாலும் அது தோயாது. விடிந்து பார்க்கையில் பால் பாலாகவே நிற்கும். அகிலாவின் உறையை விட்டால் மட்டும் அந்தப் பாலும் கத்தியால் வெட்டியெடுக்கும்படி இறுகிவிடும்.

அந்த உறை தானாக வாய்த்ததன்று; அவள் தேடி வளர்த்தது. கறந்த பாலைக் காலில் மிதிபடும்படி கொட்டினால் பசுவின் மடி வற்றிவிடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. கொட்ட மனம் வராமல், ஊசி போட்ட பாலைச் சிறு சிறு சட்டிகளில் வரிசையாக ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வீட்டு மோரை விட்டுப் பார்த்தாள். எல்லாச் சட்டிகளும் கைவிரித்தன. ஒன்றில் மட்டும் அரைகுறையாகத் தோய்ந்திருந்தது. அதிலிருந்து எடுத்து அடுத்த முறைக்கு விட்டாள். அதில் நன்றாகத் தோய்ந்ததை அதற்கும் அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டாள். மாட்டுக்கு ஊசி போடும் கங்கையா வந்துபோகும்போதெல்லாம் உறைக்கு வலுவேறியது. தெருவில் எல்லார் வீட்டு மாட்டுக்கும் மடிவீக்கம் உண்டு. ஆகவே எல்லார் வீட்டுக்கும் அந்த உறை போயிற்று. உறை கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை.

திருப்பதியில் கடை வைத்திருந்த வஸுமதி, நெய்க்காக ஊருக்கு வந்தவள், அந்தத் தயிரை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அகிலாவுக்குச் சீஸ் செய்யக் கற்றுக்கொடுத்தாள். பாலைக் காய்ச்சக்கூடாது, கறந்த சூடு கையில் படும் அளவுக்கே வெதுவெதுப்பாக்க வேண்டும். உறையை விட்டுச் சற்று நேரம் பொறுத்து, செடியிலிருந்து எடுத்த திரிப்பு மருந்தைத் துளித் துளியாக விட்டால், பால் இளந்தேங்காய் வழுக்கையைப்போல இறுகும். அதைத் துண்டுபோட்டு, துணியில் கட்டித் தொங்கவிட்டு, உப்புத் தடவி, மூங்கில் தட்டில் அடுக்கி, நாள்தோறும் புரட்டிப் புரட்டி வைக்க வேண்டும். மாட்டுக்கொட்டகையை ஒட்டியிருந்த மண்சுவர் அறையைக் கணவன் ஏகாம்பரம் அதற்கென்றே ஒழித்துக்கொடுத்தான். சித்திரை வெயிலிலும் அந்த அறைக்குள் சுவர் குளிர்ந்திருக்கும்.

அன்றும் விடியற்காலையில் அவள் சீஸ் உருண்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுத் துலுக்காணம் பல்குச்சியோடு வந்து வாசலில் நின்றான்.

"இன்னா அகிலா, நாத்தம் புட்ச்ச தயிர எல்லாம் திருப்பதிக்கு ஏத்தி உட்டுட்டியா?"

"நீகூடத்தான் ஒரு தபா கேட்டு வாங்கித் துன்ன."

"துன்னேன். நாயி படுத்த கோணிய நக்கினாப்பல இருந்திச்சி. அத்தப் போயி காசு குடுத்து வாங்கறாங்களே, அவுங்க வூட்ல சோறு ஆக்கமாட்டாங்களா?"

"நீ பல்ல வெளக்கிட்டுத் துன்னிருந்தா ருசி தெரிஞ்சிருக்கும்."

அவன் சிரித்துக்கொண்டே போனான். அப்போதுதான் வஸுமதியின் போன் வந்தது. நேரில் வரவேண்டும், போனில் சொல்லும் சமாசாரம் இல்லை என்பதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

வஸுமதியின் கடை கோவிந்தராஜர் கோவிலுக்குப் பின்புறச் சந்தில் இருந்தது. கணவர் ராமானுஜன் கோவில் கைங்கரியத்தில் இருந்தார். அவர் வீட்டுக்கு வரும் நேரம் பார்த்துக் கடையை மூடுவதும் திறப்பதுமாக இருப்பாள். அகிலா போனபோது கடையில் யாரும் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் எப்போதும் இருக்கும் சீஸ் உருண்டைகளையும் காணவில்லை.

"மாமி, பூஞ்சக்காளான் புட்ச்சிக்கினுதா?"

"பூஞ்சை இல்லை. உக்காரு. முதல்ல தண்ணி குடி."

அகிலா குடித்து முடிக்கும்வரை வஸுமதி காத்திருந்தாள்.

"ஒரு ஹோட்டல்காரா நிறைய வேணும்னு கேட்டா. பரிசோதனை பண்ணின சீட்டு இருந்தாத்தான் வாங்குவோம்னா. என் மச்சினர் பொண்ணு ப்ரியம்வதா காலேஜ் லேப்லதானே இருக்கா, அவகிட்டக் கொடுத்தனுப்பினேன். அவ சொல்றா, உன் சீஸ்ல ஒரு கிருமி இருக்காம். மருந்துக்குச் சாகாத கிருமி."

"மருந்துன்னா?"

"காய்ச்சல், சீழ், புண்ணுன்னா டாக்டர் கொடுக்கறாரே, அந்த மருந்து. தட்டுல கிருமியைப் பரப்பி, நடுவுல மருந்து தோய்ச்ச காகிதப் பொட்டு வெப்பாளாம். மருந்து வேலை செஞ்சா, பொட்டைச் சுத்தி வெறிச்சுன்னு ஒரு வட்டம் விழணும். உன்னோடதுல வட்டமே விழலை. பொட்டை இடிச்சுண்டு வளர்ந்திருக்கு. போட்டோ காமிச்சா, பார்த்தேன்."

"நாங்க எல்லாம் துன்னுக்கினுதானே கீறோம் மாமி? ஒருத்தருக்கும் வவுத்து வலிகூட வந்தது இல்லியே."

"உனக்கும் எனக்கும் ஒண்ணும் பண்ணாம இருக்கலாம். ஆனா உடம்புல பலம் அத்துப்போனவா இருக்காளே, அவா ரத்தத்துல இது சேர்ந்துட்டா, கொடுக்கற மருந்து கேக்காது. அதுமட்டுமில்லை, பக்கத்துல இருக்கற வேற கிருமிக்கும் இது அந்த வித்தையைக் கத்துக் கொடுத்துடுமாம்."

அகிலா சொம்பைக் கீழே வைத்தாள்.

"சீசுலதான் கீதா, இல்ல உறையிலயும் கீதா?"

"உறையிலேர்ந்துதானே சீஸுக்கு வந்திருக்கு? மருந்து கலந்த பால்லயே வளர்ந்து வளர்ந்து பழகின கிருமிங்கறா. எங்கேர்ந்து அப்படிப் பழகித்தோ."

"நாந்தான் மாமி பழக்கினேன்."

வஸுமதிக்கு அது விளங்கவில்லை. அகிலா சட்டிகளின் கதையைச் சொன்னாள். கேட்டுவிட்டு வஸுமதி, தட்டுகளில் இருப்பதையெல்லாம் கொதிக்கவைத்துச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும், உறையையும் அப்படியே செய்ய வேண்டும், சட்டி துணியெல்லாம் கொதிநீரில் போட வேண்டும் என்று வரிசைப்படி சொன்னாள். "வேற உறை, சுத்தமானது, லேப்லேர்ந்து வாங்கித் தரேன். நான் உன்னை விட்டுட மாட்டேன், அகிலா. ஆனா ஊசி போட்ட பால் அதுக்குள்ள ஒரு சொட்டுப் போகக்கூடாது."

"சரி மாமி," என்று எழுந்தவளுக்குச் சீஸைப் பற்றிய நினைவே இல்லை. அவள் நெஞ்சில் ஒரேயொரு கிண்ணம் நின்றது. அது ஜெயச்சந்திரனுடைய தயிர்சோற்றுக் கிண்ணம்.

ஜெயச்சந்திரன் ஏகாம்பரத்துக்கு அண்ணன். ரத்தத்தில் புற்று என்று வேலூரில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை மருந்து ஏறியபின்பும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அடியோடு இறங்கிப்போகும். அந்த நாள்களில் ஒரு தும்மல்கூடப் பக்கத்தில் வரக்கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். எதைத் தின்றாலும் வாந்தி. அன்றன்று காய்ச்சித் தோய்த்த தயிரில் பிசைந்த சோறு மட்டும் உள்ளே தங்கியது. வேலூரிலிருந்து வந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

சித்தூர்ப் பேருந்து காணிப்பாக்கம் கூட்டு ரோட்டில் நின்றபோது சனங்கள் இறங்கினார்கள். அகிலா கைகூப்பவில்லை. அந்தப் பிள்ளையார் கோவிலில் பொய்ச் சத்தியம் செய்தவன் தப்பமாட்டான் என்று மூன்று மாநிலத்தாருக்கும் தெரியும். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது, ஆழ்துளைக் கிணறு யாருக்கு என்று வழக்கு முற்றி, ஜெயச்சந்திரன் அங்கே திருக்குளத்தில் முழுகி ஈர வேட்டியோடு நின்று, தம்பி வீட்டுச் சோறும் தண்ணீரும் இனித் தன் பல்லில் படாது என்று பிரமாணம் செய்தார். அகிலாவின் மகள் ப்ரீத்தி அப்போது பள்ளிக்கூடச் சிறுமி. இப்போது சித்தூரில் கல்லூரி முடிக்கப்போகிறாள். பெரியநைனா ஜெயச்சந்திரனின் குரல்கூட அவளுக்குச் சரியாக நினைவில்லை.

நோய் என்று கேள்விப்பட்டபோது அகிலாவால் இருக்க முடியவில்லை. சோறு கொண்டுபோனால் பிரமாணம் தடுக்கும். தண்ணீர் கொடுத்தாலும் தடுக்கும். உறை சோறும் அன்று, தண்ணீரும் அன்று. ஒரு சிறு தூக்கில் உறையை ஊற்றிக்கொண்டு ஓரகத்தி கமலம்மாவின் வாசலில் போய் நின்றாள். கமலம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். தூக்கைக் கழுவி, ஒரு கொத்துக் கறிவேப்பிலை போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து சில நாளைக்கொருமுறை போவது வழக்கமாயிற்று. தயிர் நன்றாகத் தோய்கிறது, மாமா விரும்பித் தின்கிறார் என்று கமலம்மா சொல்வாள். ஆண்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லையே தவிர, பகை கரைந்துவிட்டது என்றே அகிலா நம்பியிருந்தாள்.

வீடு வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. ஏகாம்பரம் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கையிலிருந்த வைக்கோல் சுருணையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டேயிருந்தது.

"அண்ணனுக்குமா?" என்றான்.

"அவருக்குத்தான். மத்தவங்க துன்னா தாங்கிப்பாங்க."

"போன் பண்ணிச் சொல்லேன்."

"போன்ல இன்னான்னு சொல்றது? குடுத்த உறையத் திருப்பிக் கேட்டா, உறவ அறுக்கறேன்னு அக்கா நெனச்சிக்கும். கிருமின்னு சொன்னா நம்பாது. நேர்ல போயி அந்தக் கிண்ணத்த நானே கவுத்தாத்தான் ஆச்சி."

"தம்பி பொண்டாட்டி வெசம் வச்சிட்டாள்னு ஊரு பேசும், அகிலா."

"வச்சது வச்சதுதானே. பேசட்டும்."

ஏகாம்பரம் சுருணையைத் தொட்டியில் போட்டான். துண்டால் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான். "நானும் வரேன்."

"அந்த வாசல மிதிப்பீங்களா?"

"வாசல மிதிக்கல. வேலியாண்ட நிக்கறேன். நீ தனியா வாங்கிக் கட்டிக்கினு வரக்கூடாது."

புறப்படுமுன் உறைச்சட்டியை அடுப்பில் ஏற்றினாள். கொதி வந்து, தயிர் திரிந்து, பச்சைத் தண்ணீராகப் பிரியும்வரை பக்கத்திலேயே நின்றாள். எத்தனையோ விடியல்களில் மூடியைத் திறந்து பார்த்துப் பெருமைப்பட்ட சட்டி அது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

தெருவில் துலுக்காணம் மறித்தான். "புருசனும் பொண்டாட்டியும் எங்க ஜோடியா?"

"உங்க வூட்டு உறையக் கொதிக்க வச்சிக் கொட்டிடு," என்றான் ஏகாம்பரம். "அதுல மருந்துக்குச் சாவாத கிருமி கீது. தெருவுக்கெல்லாம் சொல்லு. விவரம் வந்து சொல்றேன்."

துலுக்காணம் கேலிக்கு வாயெடுத்தவன், அவர்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "அப்ப ஊசி போட்ட பால இன்னா பண்றது?"

"குழி தோண்டி ஊத்து."

"மடி வத்திப்பூடுமேப்பா."

"வத்தினா வத்தட்டும்," என்றாள் அகிலா. அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை.

கமலம்மாவின் வீடு ஊரின் மறுகோடியில், கரும்புத் தோட்டத்தை ஒட்டி இருந்தது. ஏகாம்பரம் வேலிப்படலோடு நின்றுகொண்டான். அகிலா செருப்பைக் கழற்றி, வாசல் குழாயில் கையையும் காலையும் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். கமலம்மா அடுப்படியில் குந்தி, கரண்டியால் சோற்றை மசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தயிர்க்கிண்ணம் இருந்தது. தயிர் அப்போதுதான் சோற்றில் விழுந்திருந்தது.

அகிலா குனிந்து சோற்றுக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இன்னாடி இது? அவரு பசியோட கீறாரு."

"அக்கா, இத குடுக்காத. நான் குடுத்த உறையில கெட்ட கிருமி கீதாம். மருந்துக்குச் சாவாதாம். திருப்பதியில பரீட்ச பண்ணிப் பாத்துட்டாங்க. மாமா இருக்கற நெலமைக்கு இது ஆவவே ஆவாது. தயிரக் கொட்டிடு. நாளைக்கே வேலூருக்கு இட்டுக்கினு போயி, இந்த மாதிரின்னு டாக்டராண்ட சொல்லிடலாம். நான் வந்து சொல்றேன், என் வாயாலயே சொல்றேன். என்னை இன்னா வேணா திட்டு. அடிக்கணும்னாலும் அடி."

கமலம்மா திட்டவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். உள்ளறைக் கதவை ஒரு முறை பார்த்தாள். பிறகு அகிலாவின் மணிக்கட்டைப் பிடித்துப் புழக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். துணிதுவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு வாழைகள் குலை தள்ளி நின்றன.

"பாத்தியா?"

"இன்னாக்கா பாக்கறது?"

"ஒன் உறைதான். நீ குடுத்த ஒவ்வொரு தபாவும் இதுங்க அடியிலதான் ஊத்தினேன். ஒரு சொட்டுகூட அடுப்படிக்குப் போவல."

அகிலா துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான், கமலம்மா சொன்னதன் மறுபாதி மனத்தில் இறங்கியது.

"நல்லா தோயுதுன்னு சொன்னியேக்கா."

"சொன்னேன். நோவாளி வூட்டு வாசல்ல தூக்கோட வந்து நிக்கறவளாண்ட வேற இன்னா சொல்றது?"

"மாமா கிண்ணத்த வழிச்சித் துன்னாருன்னியே?"

"வழிச்சிதான் துன்னாரு. அது எங்க அம்மா வூட்டு உறை. கார்த்தாலயும் அதான், இப்ப நீ இழுத்தியே, அதுவும் அதான்." கமலம்மா வாழையின் காய்ந்த சருகு ஒன்றைப் பிய்த்தாள். "அவரு காணிப்பாக்கத்துல முழுக்குப் போட்டுச் சொன்னவருடி. உசுரு ஊசலாடிக்கினு கீற நேரத்துல, அந்தப் பிரமாணத்த நானே மீற உட்டுட்டு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு அந்தச் சாமிய பாப்பேன்? வேணாம்னு சொல்லிடலாம்னு பாத்தா, ஒன் மூஞ்சிய பாத்து சொல்ல வரல."

"உறை சோறும் இல்ல, தண்ணியும் இல்லியேக்கா. அதான் கொண்டாந்தேன்."

"சாமியாண்ட வக்கீலு பேச்சு பேசறியா நீ?"

அகிலா சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் அழுகையாகத் திரும்பியது. கமலம்மா பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். "நீ பண்ணதும் நல்லதுக்குத்தான். நான் பண்ணதும் நல்லதுக்குத்தான். எதுக்கு அழற?"

"நாம ஒண்ணாயிட்டோம்னு நெனச்சிக்கினு இருந்தேன்க்கா."

கமலம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"கமலா."

குரல் பின்ஜன்னலிலிருந்து வந்தது. உள்ளறையின் ஜன்னல் புழக்கடையைப் பார்த்திருந்ததை இருவரும் மறந்திருந்தார்கள். கம்பிக்குப் பின்னால் ஜெயச்சந்திரனின் முகம் தெரிந்தது. முடியெல்லாம் கொட்டி, கண்கள் மட்டும் பழைய அளவில் இருந்தன.

"அகிலாவ உள்ள இட்டுக்கினு வா."

கமலம்மா அகிலாவுக்கு முகத்துணி ஒன்றை எடுத்துக்கொடுத்தாள். அறைக்குள் போய்ச் சுவரோரம் நின்றார்கள். அகிலா மணமாகி வந்த நாளிலிருந்து அவர்முன் உட்கார்ந்ததில்லை.

"இத்தினி நாளா நான் துன்னது எந்த வூட்டுத் தயிரு?" என்று மனைவியைக் கேட்டார்.

"நம்ம வூட்டுதுதாங்க. அங்கேர்ந்து ஒண்ணும் உங்க பல்லுல படல. உங்க பிரமாணம் பத்திரமா கீது." கமலம்மாவின் குரலில், காவலை முடித்து ஒப்படைக்கிறவளின் நிம்மதி இருந்தது.

ஜெயச்சந்திரன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தார். மார்புக்கூடு ஏறி இறங்கியது.

"பத்திரமா வச்சிக்கினியா," என்றார். "மொத நாளு இவ தூக்க எடுத்துக்கினு வந்தத நான் பாத்தேன், கமலா. நீ கிண்ணத்தக் கொண்டாந்து வச்சப்போ, இது தம்பி வூட்டுதுன்னு தெரிஞ்சிதான் கைய வச்சேன். சாமி, நான் மீறறேன், இன்னா பண்ணணுமோ பண்ணிக்கோன்னு மனசுல சொல்லிட்டுத்தான் மொத வாய எடுத்தேன். ஒவ்வொரு வேளையும் அப்பிடித்தான். அது ஒண்ணுதான் எனுக்குக் கொமட்டாம எறங்கிச்சி."

கமலம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒரு வார்த்த சொல்லிகீலாமில்ல?"

"நீ சொன்னியா?"

வெளியே கரும்புத் தோட்டத்தில் காற்று சரசரத்தது. ஜெயச்சந்திரன் அகிலாவின் பக்கம் திரும்பினார்.

"அவன் வந்துகீறானா?"

"வேலியாண்ட நிக்கறாரு மாமா."

"எதுக்கு வேலியாண்ட நிக்கறான், பட்டிய வுட்டு வந்த மாடாட்டம்? கூப்புடு."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அந்தச் சிறிய வீட்டில் பேச்சு வேலிவரைக்கும் கேட்டிருக்க வேண்டும். ஏகாம்பரம் வாசற்படியில் வந்து நின்றான். உள்ளே கால் வைக்காமல், நிலையைப் பிடித்துக்கொண்டு, அண்ணனின் தலையைப் பார்த்தான். பார்த்ததும் அவன் கண்கள் வேறு பக்கம் போயின.

"ஏகா, எனுக்குப் பசிக்குது," என்றார் ஜெயச்சந்திரன். "ஒன் வூட்ல கொதிக்க வச்சதா துன்றதுக்கு இன்னா கீது?"

ஏகாம்பரம் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அகிலாதான் சொன்னாள்: "கேழ்வரகு மாவு கீது மாமா. கொதிக்க கொதிக்கக் கஞ்சி வச்சிக் கொண்டாரட்டா?"

"கொண்டா."

"இன்னாங்க இது?" என்றாள் கமலம்மா. "பிரமாணம்?"

"மனசுல எப்பவோ மீறியாச்சி, கமலா. வாயால மீற வேண்டியதுதான் பாக்கி."

ஏகாம்பரம் அடுப்பு மூட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டே தெருவில் இறங்கி விரைந்தான். அகிலா முகத்துணியைக் கழற்றாமல் வாசல்வரை வந்துவிட்டாள். கஞ்சிக்குக் கமலம்மா மனம் இசைவாளா, மாட்டாளா என்று தெரியாமல், படியிலேயே தயங்கி நின்றாள்.

உள்ளேயிருந்து கமலம்மா வந்தாள். சமையலறைப் பக்கம் பார்த்தாள், கணவனின் அறைப்பக்கம் பார்த்தாள், கடைசியில் ஓரகத்தியைப் பார்த்தாள்.

"உப்பு கம்மியா போடு," என்றாள். "டாக்டரு சொல்லிகீறாரு."